லாட்விய மொழியில் ‘ஆளை விடு’

“டீச்சர், எனக்கு ஒரே ஒரு வார்த்தை வேண்டும்” என்றான் சொர்ணலிங்கம்.

“எதற்கு?”

“எங்கள் ஊரில் ‘ஆளை விடுப்பா’ என்போம். அதை உங்கள் மொழியில் சொல்லத் தெரிய வேண்டும்.”

மாரூதா பேனாவைக் கீழே வைத்தாள்.

ரீகா நகரத்து நூலகம் ஒன்றின் மாடியில், பிழைக்க வந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு லாட்விய மொழி சொல்லிக்கொடுப்பவள் அவள். சொர்ணலிங்கத்தைவிட வயதில் சிறியவள். ஒன்று கேட்டால் ஒன்பது சொல்லும் ரகமில்லை. கேட்டதற்கே பாதிதான் சொல்வாள்.

சொர்ணலிங்கம் தேவகோட்டைக்காரன். ரீகாவில் ஓர் இந்திய ஓட்டலில் சமையல். கை நல்ல கை. வாய்தான் கிடையாது.

“யார் உங்களை விடமாட்டேன் என்கிறார்கள்?”

“மேனேஜர் ரைவிஸ். திங்கட்கிழமை எனக்கு லீவு. காலையிலேயே போன் வரும். ‘கொஞ்ச நேரம் வர முடியுமா’ என்பான். போனால் பொழுது சாய்ந்துதான் விடுவான்.”

“முடியாது என்று சொன்னீர்களா?”

“வாய்விட்டுச் சொன்னதில்லை.”

“பிறகு?”

“முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.”

“போனிலா?”

இளகின இரும்பைக் கண்டால் கொல்லன் தூக்கித் தூக்கி அடிப்பான் என்பார்கள். இரும்பு ஒரு தடவை முனகியிருந்தால் கொல்லன் என்ன செய்திருப்பான் என்று எவரும் சொல்லிவைக்கவில்லை.

மாரூதா பலகையில் எழுதினாள்.

“லியெட்ஸ் மனி மியெரா. என்னை நிம்மதியாக விடு என்று அர்த்தம். பழகியவர்களுக்குள் பேசுகிற பேச்சு. எங்கே, என்னிடம் சொல்லுங்கள்.”

சொன்னான். நாக்கு புரளவில்லை. மறுபடி சொன்னான். கடைசியில் பிசிறில்லாமல் வந்தது.

மாரூதா எழுந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

அவன் உட்கார்ந்திருந்தான். நூலகத்தைப் பூட்டுகிறவர் வந்து எழுப்பும்வரை உட்கார்ந்திருந்தான். அவள் திரும்பவே இல்லை.

டீச்சருக்கு ஏதோ அவசரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். பாவி மனுஷன், அன்றைக்கே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.



அவன் குடியிருந்த வீட்டுக்கு நேர் மேலே வால்திஸ் என்றொருவர் இருந்தார். டிராம் பணிமனையில் மெக்கானிக். தனி ஆள்.

சொர்ணலிங்கம் அந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள் ரசம் தாளித்துக்கொண்டிருந்தான். கதவு தட்டப்பட்டது. திறந்தால் வால்திஸ்.

“இது என்ன வாசனை?”

புகார் சொல்ல வந்திருக்கிறார் என்று சொர்ணலிங்கம் நினைத்தான்.

“மன்னிக்க வேண்டும். இதோ, ஜன்னலைத் திறந்துவிடுகிறேன்.”

“திறக்காதீர்கள்” என்றார் வால்திஸ்.

அன்றைக்கு ஒரு டம்ளர் ரசம் குடித்துவிட்டுப் போனார். அதிலிருந்து திங்கட்கிழமை சாயங்காலமானால் வந்துவிடுவார். கையில் புகைபோட்ட மீனோ, உப்பில் ஊறிய வெள்ளரிக்காயோ இருக்கும். உட்காருவார். ரசம் குடிப்பார். பேசமாட்டார். போகும்போது நன்றி என்பார்.

அத்தனை பெரிய ஊரில் சொர்ணலிங்கத்தின் வீடு தேடி வந்த ஆள் அவர் ஒருவர்தான். அவருக்கும் போவதற்கு வேறு வீடு இல்லை.



அடுத்த திங்கட்கிழமையும் ரைவிஸ் கூப்பிட்டான். சொர்ணலிங்கம் போனான். அடுப்புக்கு மேலே இருக்கும் புகைக்கூண்டைச் சுரண்டிக் கழுவுகிற வேலை. பிசுக்கு முழங்கைவரை வழிந்தது. ரைவிஸ் பக்கத்தில் வந்து நின்று, “நன்றாக இருக்கிறது” என்றான்.

புதிதாகப் படித்த வார்த்தை தொண்டைவரை வந்தது. சொர்ணலிங்கம் சிரித்துவைத்தான்.

வீட்டுக்கு வந்து படுக்கையில் விழுந்தான். கண்ணை மூடவில்லை, கதவு தட்டப்பட்டது.

வால்திஸ். மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கையில் ஒரு கூடை நிறையக் காளான்.

“காட்டுக்குப் போயிருந்தேன். இதைச் சுத்தம் பண்ண வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து செய்தால் சீக்கிரம் முடியும். அப்புறம் நீங்கள் உங்கள் மிளகு போட்டுச் சமையுங்கள்.”

அந்த மனிதர் அதுவரை அவ்வளவு பேசியதில்லை.

“லியெட்ஸ் மனி மியெரா” என்றான் சொர்ணலிங்கம்.

பிசிறில்லாமல் வந்தது. டீச்சர் கேட்டிருந்தால் முழு மார்க் போட்டிருப்பாள்.

வால்திஸ் அவன் முகத்தைப் பார்த்தார்.

“லபி” என்றார். சரி என்று அர்த்தம்.

கூடையோடு மாடியேறிப் போனார்.

சொர்ணலிங்கம் நிம்மதியாகத் தூங்கினான். அவன் ஊர் வழக்கம் அப்படி. அவன் மைத்துனனிடம் ஒருநாள் காலையில், “இனி என் வாசல்படி மிதிக்காதே” என்று கத்தினான். மத்தியானம் மைத்துனன் அதே வீட்டில் உட்கார்ந்து, மீன் குழம்பில் புளி தூக்கல் என்று குறை சொல்லிக்கொண்டிருந்தான். போ என்று சொன்னால் போகிறவன் உறவா என்ன?

அடுத்த திங்கட்கிழமை வால்திஸ் வரவில்லை.

அதற்கடுத்த வாரமும் வரவில்லை. சொர்ணலிங்கம் ரசம் வைத்துக் கதவைத் திறந்துபோட்டான். வாசனை மாடிக்குப் போயிருக்கும். ஆள் இறங்கவில்லை.

“இவ்வளவு ரோஷமா மனுஷனுக்கு” என்று முணுமுணுத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டான்.

ஒருநாள் மாடிப்படியில் எதிர்ப்பட்டார். அவனைக் கண்டதும் பின்வாங்கி, சுவரோரம் ஒதுங்கி, அவன் கடந்து போகும்வரை தலைகுனிந்து நின்றார். முகத்தில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் சொர்ணலிங்கம் பொறுத்துக்கொண்டிருப்பான்.



“டீச்சர், அந்த வார்த்தை பலித்துவிட்டது.”

“ரைவிஸ் கூப்பிடுவதை நிறுத்திவிட்டானா?”

“அவனிடம் சொல்லவில்லை.”

“பிறகு யாரிடம் சொன்னீர்கள்?”

சொன்னான். ரசத்திலிருந்து காளான்வரை எல்லாவற்றையும் சொன்னான்.

மாரூதா பேனாவை மூடி வைத்தாள்.

“அவராகவே வந்து உங்கள் கதவைத் தட்டினாரா?”

“வாராவாரம்.”

“நான் பிறந்து வளர்ந்த வீட்டில்தான் இன்னமும் இருக்கிறேன்” என்றாள் மாரூதா. “எதிர்வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது.”

“எங்கள் ஊரில் போ என்றால் போகமாட்டார்கள் டீச்சர். கோபம் ஆறட்டும் என்று இருந்துவிட்டு வருவார்கள்.”

“நான் அன்றைக்குப் போனேன். திரும்பி வந்தேனா?”

அவள் அன்றைக்கு ஏன் எழுந்து போனாள் என்று அவனுக்கு இப்போதுதான் புரிந்தது.

“அவரிடம் ஏன் சொன்னீர்கள்?”

“அவர் கோபித்துக்கொள்ள மாட்டாரே, அதனால்தான்.”

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. அவமானமாக இருந்தது.

மாரூதா பலகையைத் துடைத்தாள்.

“ரைவிஸும் இந்த ஊர்க்காரன்தான்” என்றாள்.



திங்கட்கிழமை காலை போன் அடித்தது.

“கொஞ்ச நேரம் வர முடியுமா?”

“ரைவிஸ், லியெட்ஸ் மனி மியெரா. இன்று எனக்கு லீவு.”

வேலை போகப்போகிறது என்றுதான் நினைத்தான்.

“லபி” என்றான் ரைவிஸ். பிறகு கொஞ்சம் தயங்கினான். “இதை முன்னமே சொல்லியிருக்கலாமே. நீங்கள் விரும்பி வருகிறீர்கள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காத ஆள் என்று.”

போன் வைக்கப்பட்டது.

சொர்ணலிங்கம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். இவ்வளவுதானா? இத்தனை மாதமும் இவ்வளவுதானா? இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துகொண்டா, அந்த நல்ல மனுஷனை வாசலோடு திருப்பி அனுப்பினேன்? அழுகை வந்தது. துடைத்துக்கொண்டான்.

நாள் முழுக்க அவனுடையது. ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. சாயங்காலம்வரை இரண்டே இரண்டு வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லிப் பழகினான். மன்னித்துவிடுங்கள். வாருங்கள்.

மாடியேறினான். கதவைத் தட்டினான்.

உள்ளே யாரும் நடந்து வரும் அரவமே இல்லை. ஆள் இல்லை போலும் என்று திரும்பினான். கதவு திறந்தது.

வால்திஸ் கம்பளிக் காலுறையோடு நின்றார். அவருக்குப் பின்னால், மரத் தரை கண்ணுக்கே படவில்லை. பழைய போர்வைகள், ஒரு ஜன்னல் திரை, குளிர்காலத்துக் கோட்டு ஒன்று, எல்லாவற்றையும் அறையிலிருந்து சமையலறைவரை விரித்துப் போட்டிருந்தார்.

அவனைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிப்போனது.

“இன்னுமா என் காலடிச் சத்தம் கீழே கேட்கிறது?” என்றார் வால்திஸ்.