ஆமைத் துறையும் அமைச்சர் நரியும்

மூங்கில் காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. நீந்தத் தெரியாத முயல், அணில், முள்ளம்பன்றி எல்லாம் ஆமைகளின் முதுகில் ஏறித்தான் அக்கரைக்குப் போய்வந்தன. கூலி, கொஞ்சம் பழம்.

ஆனால் தினமும் சண்டை! மழை தூறினால் ஆமைகள் இரண்டு மடங்கு பழம் கேட்டன. நடு ஆற்றில் பாசியைக் கண்டால் பயணியோடு சேர்த்து முங்கின. "நான் பயணியா, துவைக்கிற துணியா?" என்று அணில் சொட்டச் சொட்ட நின்று கத்தியது.

புகார் யானை ராஜாவின் காதுக்கு எட்டியது. அவர் அமைச்சர் நரியை அழைத்தார். நரியின் பெயர் மிளகன்.

"மிளகா, ஆமைச் சவாரிக்கு ஒழுங்கான விதி வேண்டும். எழுதுவதற்கு முன்னால் எல்லாரையும் கேள்!"

"உத்தரவு ராஜா!" என்றது மிளகன். மனதுக்குள் அதற்குச் சலிப்பு. 'இதுகளிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது? என் மூளை போதாதா?' ஆனாலும் ராஜா சொல்லிவிட்டாரே! கேட்டதாகக் காட்டிக்கொள்ள ஒரு கூட்டம் போட்டாக வேண்டும்.

எங்கே போடுவது? ஆற்றங்கரையில் ஒரே சேறு. மிளகனுக்கு வால் அழுக்கானால் பிடிக்காது. ஆகவே மலை உச்சியில், குளுகுளு காற்றில் கூட்டம் வைத்தது. அறிவிப்பையும் உச்சியில் இருந்த மரத்திலேயே மரங்கொத்தியை விட்டுக் கொத்த வைத்தது.

கூட்டத்துக்கு யார் வந்தார்கள்? குரங்கு வந்தது, மயில் வந்தது, நாரை வந்தது. மூன்றும் ஆமை முதுகில் ஒருநாளும் ஏறியதில்லை.

"ஆமைகள் ரொம்ப மெதுவாகப் போகின்றன! குதித்துக் குதித்துப் போகச் சொல்லுங்கள்!" என்றது கிளைக்குக் கிளை தாவி ஆற்றைக் கடக்கும் குரங்கு.

"பார்க்கச் சகிக்கவில்லை! எல்லா முதுகுக்கும் மஞ்சள் பூச வேண்டும்!" என்றது மயில்.

நாரை தொண்டையைச் செருமிக்கொண்டது. அது அந்த ஆற்றில் வாழும் முதலையின் கூட்டாளி. முதலை தின்று மிச்சம் வைக்கும் மீனில்தான் அதன் வயிறு நிறைந்தது. "பயணிகளின் பாதுகாப்புதான் முக்கியம் ஐயா! சின்ன முதுகு வழுக்கும். தென்னை மட்டை நீளத்துக்கு முதுகு உள்ளவர்கள் மட்டுமே சவாரி ஏற்றலாம் என்று வையுங்கள்!"

"ஆகா! என்ன பொறுப்பு!" என்று மிளகன் பூரித்துப்போய் அப்படியே எழுதிக்கொண்டது.

கூட்டம் முடிந்து எல்லாரும் இறங்கும்போது, அல்லி என்ற ஆமை மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தது.

"ஐயா, கூட்டம் எப்போது ஆரம்பிக்கும்?"

"முடிந்தே போய்விட்டது!"

"ஐயோ! அப்படியென்றால் எங்கள் கருத்து?"

"'ஆமைகளுக்குக் கருத்து ஒன்றும் இல்லை' என்று எழுதியாயிற்று!" என்றபடி மிளகன் துள்ளி இறங்கிவிட்டது. அல்லி பாவம், வந்த வழியே திரும்பி உருண்டும் புரண்டும் கீழே போனது.

மறுநாள் விதி நடைமுறைக்கு வந்தது. எந்த ஆமைக்கும் அத்தனை நீள முதுகு இல்லாததால் துறையில் ஓர் ஆமைகூட இல்லை. எல்லாம் கரையோரம் சும்மா கிடந்தன. முதுகு முழுக்க மஞ்சள் பூசிக்கொண்டு முதலை மட்டும் மிதந்தது.

"வாருங்கள், வாருங்கள்! பாதுகாப்பான சவாரி!" என்று பல் எல்லாம் தெரியச் சிரித்தது.

யாரும் கிட்டே போகவில்லை. முயல் புதருக்குள் ஓடியது. முள்ளம்பன்றி சுருண்டு பந்தாகிவிட்டது.

துறைக்கு வந்திருந்த யானை ராஜா மிளகனைப் பார்த்தார். "உன் விதிதானே? முதல் சவாரி நீயே போய் எல்லாருடைய பயத்தையும் போக்கு!"

மிளகன் இரண்டு அடி பின்வாங்கியது. ஆனால் அத்தனை கண்களும் பார்க்கின்றனவே! வாலைத் தூக்கிப் பிடித்தபடி முதலை மேல் ஏறியது.

நடு ஆறு வந்தது. முதலை நின்றுவிட்டது.

"ஏன் நிற்கிறாய்? என்னை அக்கரையில் இறக்கு!"

"ஐயா, பயணியை ஏற்றலாம் என்று உங்கள் விதி சொல்கிறது. இறக்க வேண்டும் என்று எங்கே சொல்கிறது?"

முதலை மெல்லத் தலையைத் திருப்பி வாயைப் பிளந்தது. மிளகன் கரையைப் பார்த்து அலறியது. "ஐயோ, ஆமைகளே! காப்பாற்றுங்கள்!"

கரையில் கிடந்த ஆமைகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. "எங்கள் முதுகு நீளம் போதாதே ஐயா!" என்று ஒன்று குரல் கொடுத்தது.

"விதி ரத்து! ரத்து! ரத்து!" என்று கத்தியது மிளகன்.

"வாருங்கள் போவோம்! உயிர் போனால் வராது!" என்று அல்லி முதலில் நீரில் பாய்ந்தது. மற்றவையும் பாய்ந்தன. கரையிலிருந்து நடு ஆறு வரை ஆமைகள் வரிசையாக மிதந்தன. மிளகன் ஓடு ஓடாகத் தாவி ஓடியது. பின்னால் கடிக்க வந்த முதலையின் வாயில் அல்லியின் ஓடுதான் அகப்பட்டது. 'மடக்!' முதலையின் முன்பல் போயிற்று. அது வாயைப் பொத்திக்கொண்டு ஆழத்துக்குள் போய்விட்டது.

கரையேறிய மிளகன் சேறு என்றும் பாராமல் துறையிலேயே உட்கார்ந்தது. நாக்கு வெளியே தொங்கியது. அல்லியைப் பார்க்கவே அதற்குக் கூச்சமாக இருந்தது.

"அல்லி, இப்போது சொல். நான் கேட்கிறேன்."

"முள்ளம்பன்றி முள்ளை மடக்கி உட்காரவேண்டும் ஐயா! கழுத்தெல்லாம் ஓட்டை!"

"நடு ஆற்றில் முங்கக் கூடாது!" என்றது அணில்.

"பாசி வாசம் வந்தால் எப்படி அடக்குவது?" என்று இன்னோர் ஆமை முனகியது. "சரி, சரி, இறக்கிவிட்டு வந்து தின்கிறோம்!"

மழைக் கூலிக்குத்தான் பெரிய ரகளை. ஆமைகள் கத்தின, முயல்கள் கத்தின. மிளகன் பொறுமையாகக் கேட்டது. கடைசியில் ஒரு பழம் மட்டும் கூடுதல் என்று இரு பக்கமும் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டன. அன்று மாலையே சவாரிகள் ஓடத் தொடங்கின.

ஒரு விதியோடு தினமும் வாழப்போகிறவர்களை, அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய், காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் அந்த விதியை எழுத வேண்டும்.