காசு செலவில்லாத ஒரு மாதக் குடித்தனம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா, கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்டுவிட்டார். அந்த அரண்மனையில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது.

ராஜாவின் பெயர் மகுடேசுவரர். தங்கமான மனிதர். ஆனால் ஒரு விஷயம் மனதில் புகுந்துவிட்டால் ஊரையே உலுக்கி எடுத்துவிடுவார். முந்தின வருஷம் புறா வளர்க்க ஆசைப்பட்டார். மந்திரிகள் எல்லாம் சபைக்குள்ளேயே குடை பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. இந்த வருஷம் ஒரு நாள் காலை, உப்பரிகையில் உலாவிக்கொண்டிருந்தபோது, மதிலோரத் தெருவில் ஒருத்தி கூவிக்கொண்டு போனது அவர் காதில் விழுந்தது.

"ஒரு பணத்துக்கு நூறு கத்தரிக்கா! பிஞ்சுக் கத்தரிக்கா!"

சபை கூடியதும் ராஜா பொக்கிஷ அதிகாரி அனந்தராயரைப் பார்த்தார்.

"அரண்மனைக்குக் கத்தரிக்காய் என்ன விலைக்கு வாங்குகிறீர்?"

"பணத்துக்கு நாலு, மகாராஜா."

"தெருவில் நூறு என்று கூவுகிறாளே?"

மீதித் தொண்ணூற்றாறு காயும் எங்கே போகிறது என்பது அனந்தராயர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது குடிமக்கள் உண்ணும் கத்தரிக்காய், மகாராஜா. அரண்மனைக் கத்தரிக்காய் வேறு ரகம். தலையில் கிரீடம் வைத்தாற்போல் காம்பு இருக்கும்."

சபையின் ஓரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். விகடன் மருதையன்தான். ராஜாவைச் சிரிக்கவைப்பது அவன் உத்தியோகம். வயது இருபத்தைந்து. செங்கமலம் என்று மனைவி. பூவாயி என்று மூன்று மாதப் பெண் குழந்தை.

"ஏன் சிரிக்கிறாய்?" என்றார் ராஜா.

"என் வீட்டுக் கத்தரிக்காயும் கிரீடம் வைத்துக்கொண்டுதான் வருகிறது, மகாராஜா. என் மனைவி அந்தக் கிரீடத்தையும் விடுவதில்லை, குழம்பில் போட்டுவிடுகிறாள். பரங்கிக்காய் வாங்கினால் சதை கூட்டு, தோல் துவையல், விதை வறுவல். சோறு வடித்த கஞ்சியில் பாதி எங்களுக்கு, பாதி என் வேட்டிக்கு. சபையில் என் வேட்டி இப்படி விறைப்பாக நிற்பது அந்தக் கஞ்சியால்தான். அவளுடைய பழைய சேலை பிள்ளைக்குத் தொட்டில் ஆனது. தொட்டில் கிழிந்தால் அணைதுணி ஆகும். அதுவும் கிழிந்தால் அடுப்பில் பிடிதுணி ஆகும். தாங்கள் தரும் சம்பளத்தில் மாதாமாதம் நாலில் ஒரு பங்கு மிச்சம்."

ராஜாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இதல்லவா குடித்தனம்! இந்தச் சிக்கனத்தை நாம் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும்!"

அனந்தராயர் மனதுக்குள் கணக்குப் போட்டார். ராஜா சிக்கனத்தில் இறங்கினால் இன்று கத்தரிக்காய், நாளை நெய், மறுநாள் யானைத் தீவனம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அனந்தராயரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மைத்துனன் சுந்தரபாணிக்கு வேறு எரிச்சல். விகடன் பதவிக்கு அவன் நாலு வருஷமாகக் காத்திருந்தான். அவன் சொல்லும் விகடத்துக்கு அக்காள்கூடச் சிரித்ததில்லை. அது வேறு விஷயம்.

"மகாராஜா," என்று எழுந்தார் அனந்தராயர். "வாயால் சொல்வது யாருக்கும் எளிது. இவ்வளவு கெட்டிக்காரக் குடும்பம் ஒரு மாதம் காசே செலவழிக்காமல் குடித்தனம் நடத்திக் காட்டட்டும். அதைப் பார்த்து நாங்கள் கற்றுக்கொள்கிறோம்."

"பேஷ்! பேஷ்!" என்று கைதட்டிவிட்டார் ராஜா. அவருக்கு இது புறாவைவிடச் சுவாரசியமாக இருந்தது.

அனந்தராயர் தம் கையாலேயே ஓலை எழுதினார். 'மருதையனும் அவன் மனைவி செங்கமலமும் ஒரு மாதத்துக்கு ஒரு காசும் செலவழிக்கக் கூடாது. இவ்விருவரும் யாரிடமும் யாசிக்கவோ, கடன் வாங்கவோ, இனாம் பெறவோ கூடாது. வீட்டில் இருக்கும் தானியத்தைத் தொடக் கூடாது. மீறினால் பதவியை விட்டு, நாட்டை விட்டுப் போக வேண்டும்.'

படித்துக் கேட்ட மருதையன் கைகூப்பினான்.

"உத்தரவு, மகாராஜா. ஒரே ஒரு விண்ணப்பம். பிற்பாடு யாரும் என்னைத் திருடன் என்று சொல்லக் கூடாது. தினம் ஒரு பிரபு என் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். வந்தவரே மறுபடி வந்தால் அவரை நான் கைக்குள் போட்டுக்கொண்டேன் என்பார்கள். ஆகையால் முப்பது நாளைக்கும் முப்பது பேர் வரவேண்டும்."

"நியாயமான பேச்சு. அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

மருதையன் வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் செங்கமலம் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, சபையில வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க உங்களால முடியாதா? பரங்கித் தோலையும் பழந்துணியையும் ராஜாகிட்டப் போய்ச் சொல்லணுமா?"

"பெருமையாத்தான் சொன்னேன் செங்கமலம்."

"நான் பட்டினி கிடந்தா பிள்ளைக்குப் பால் ஏது? அதை நினைச்சீங்களா?"

மருதையன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கண் கலங்கியதைப் பார்க்க அவனால் முடியவில்லை. "அதை நினைச்சுத்தான் தினம் ஒரு ஆளை வரச்சொன்னேன். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோட எவன் வருவான்? ஆனா வந்ததை நாம கையில வாங்கிட்டாத் தோத்தோம். அங்கதான் மூளை நின்னுபோச்சு."

செங்கமலம் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஓலையில யார் யார் பேரு எழுதியிருக்காரு?"

"என் பேரு. உன் பேரு."

"வேற?"

"வேற யாரும் இல்லை."

செங்கமலம் தொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே பூவாயி தன் கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டிருந்தாள். மருதையனும் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் சேவகர்கள் வந்து தானிய அறையைப் பூட்டினார்கள். முதல் ஆளாகச் சுந்தரபாணி வந்தான். கையை வீசிக்கொண்டு உள்ளே நுழைந்து, அடுப்புக்குள் எல்லாம் எட்டிப் பார்த்தான். செங்கமலம் குழந்தையைத் தூக்கி வந்து அவன் எதிரே நின்றாள்.

"பூவாயி, மாமா உன்னை முதமுதலாப் பார்க்க வந்திருக்காங்க பாரு."

வாசலில் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த பெண்கள் எல்லோருடைய கண்ணும் சுந்தரபாணியின் கைக்குப் போனது.

"பெரிய எடத்து மனுசர்னு சொன்னாங்க," என்றாள் எதிர்வீட்டு அங்கம்மாள். "பச்சைப்பிள்ளையைப் பார்க்க வெறுங்கையை வீசிட்டு வந்திருக்காரே!"

"ஏழ்மையா இருக்கும், பாவம்," என்றாள் இன்னொருத்தி.

சுந்தரபாணிக்குக் காது சிவந்துவிட்டது. ஒரே ஓட்டமாகப் போய் ஒரு மூட்டை அரிசியோடு திரும்பி வந்தான்.

"எங்க கையில குடுத்துறாதீங்கண்ணே, ராஜா உத்தரவு," என்று பின்வாங்கினாள் செங்கமலம். "குழந்தைக்குன்னா தொட்டில் பக்கத்துல வச்சிருங்க."

வைத்துவிட்டுப் போனவன் அக்காள் புருஷனிடம் புலம்பினான். அனந்தராயரோ சந்தோஷத்தில் துள்ளினார். "மடையா, அவன் இனாம் வாங்கிவிட்டானே! மாட்டிக்கொண்டான்! இப்போதே சொல்லாதே. மாதக் கடைசி வரைக்கும் வாங்கட்டும். எவ்வளவு வாங்குகிறானோ அவ்வளவும் நமக்குச் சாட்சி."

மற்றப் பிரபுக்களுக்கும் அவர் சொல்லியனுப்பினார்; அவர்களும் தாராளமாகக் கொண்டுபோனார்கள். அவர் சொல்லாவிட்டாலும் கொண்டுபோயிருப்பார்கள். அவர்கள் மனைவிமார் விட்டால்தானே! சேனாதிபதி வீட்டிலிருந்து ஒரு குடம் எண்ணெய் போனது என்று கேள்விப்பட்டதும், புரோகிதர் வீட்டம்மாள் இரண்டு குடமாக அனுப்பினாள். ஒருவர் பருப்பு, ஒருவர் வெல்லம், ஒருவர் ஒரு வண்டி விறகு. இருபதாம் நாள் வந்த கிழப் பிரபு, தமக்கு முன்னால் எல்லோரும் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார்கள் என்ற கோபத்தில் கன்றோடு ஒரு பசுவைக் கொண்டுவந்து கட்டினார்.

செங்கமலம் இத்தனையும் வந்ததே என்று வாரி இறைக்கவில்லை. தினமும் காலையில் இரண்டு பேருக்கு வேண்டியதை மட்டும் அளந்து எடுத்தாள். மீதி எல்லாம் தொட்டிலைச் சுற்றி மலைபோல் ஏறியது. கடைசி வாரத்தில் தொட்டிலுக்குப் போக மூட்டைகளின் மேல் ஏறி இறங்க வேண்டியிருந்தது.

முப்பதாம் நாள் அனந்தராயரே வந்தார். தம் சாட்சிதான் எல்லாவற்றிலும் பெரிதாக இருக்க வேண்டும் என்று உயர்ந்த சம்பா அரிசி ஐந்து மூட்டையும் ஒரு பானை நெய்யும் கொண்டுவந்தார்.

மறுநாள் சபையில் அத்தனை சாமானும் வண்டி வண்டியாக வந்து இறங்கியது. பசுவும் வந்தது. மருதையனும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு செங்கமலமும் வந்து நின்றார்கள்.

"பார்த்தீர்களா மகாராஜா!" என்று முழங்கினார் அனந்தராயர். "இனாம் பெறக் கூடாது என்பது உத்தரவு. முப்பது வீட்டு இனாம் இதோ! என் கையாலேயே ஐந்து மூட்டை சம்பா அரிசியும் ஒரு பானை நெய்யும் நான் கொடுத்தேன்!"

ராஜாவின் முகம் வாடியது. "மருதையா, இதற்கு என்ன சொல்கிறாய்?"

"நாங்கள் ஒரு மணி அரிசிகூட வாங்கவில்லை, மகாராஜா. இவை அத்தனையும் பூவாயி அம்மாள் அவர்களின் சொத்து. ஓலையில் அம்மையாரின் பெயர் இல்லை. வேண்டுமானால் கொடுத்தவர்களைக் கேளுங்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று."

"குழந்தைக்குத்தான்..." என்று இழுத்தார் கிழப் பிரபு.

"அப்படியானால் நீங்கள் இருவரும் ஒரு மாதம் எதைச் சாப்பிட்டீர்கள்?" என்று பாய்ந்தார் அனந்தராயர்.

"உழைத்துச் சாப்பிட்டோம், ஐயா. உழைக்கக் கூடாது என்று தாங்கள் எழுதவில்லையே! நாங்கள் இருவரும் பூவாயி அம்மாளிடம் வேலைக்குச் சேர்ந்தோம். தொட்டில் ஆட்டுவது, அணைதுணி துவைப்பது, ஈ விரட்டுவது, பாட்டுப் பாடுவது. கூலி இரண்டு வேளைச் சோறு. எஜமானி கொஞ்சம் கடுமையானவர். காரணம் சொல்லாமல் கத்துவார். பல் இல்லாவிட்டாலும் கடிப்பார்."

சபையில் அங்கங்கே சிரிப்பு வெடித்தது. ராஜாவின் மீசையும் துடித்தது. ஆனால் அனந்தராயர் விடவில்லை. "அந்த எஜமானி சபையில் சாட்சி சொல்லட்டும்!"

"நாமே விசாரிக்கிறோம்," என்று கையை நீட்டினார் ராஜா. செங்கமலம் குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு விலகினாள். பூவாயி ராஜாவின் முத்துமாலையைப் பிடித்து இழுத்தாள், வாயில் வைத்துப் பார்த்தாள், பிடிக்கவில்லை. முகத்தைச் சுருக்கிக்கொண்டு, அரண்மனைக் கூரை அதிர அழுதாள்.

"வேலையாட்களைத் தேடுகிறார், மகாராஜா," என்றான் மருதையன்.

அதே நேரத்தில் ராஜாவின் மடியில் பட்டுப் பீதாம்பரம் மெல்ல மெல்ல நனைந்தது. ஈரம் பரவியதைச் சபை முழுவதும் பார்த்தது.

மருதையன் ஓரடி முன்னால் வந்து வணங்கினான். "வாழ்த்துகள், மகாராஜா. அம்மையார் தங்களையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார். முதல் வேலை, துணி துவைப்பது."

ராஜா தம் மடியைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிம்மாசனத்தின் கையைத் தட்டித் தட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரிப்பைக் கேட்டுக் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவரை வேடிக்கை பார்த்தது.

"கூலி என்ன தருவாள் உன் எஜமானி?" என்று கேட்டுக்கொண்டே ராஜா குழந்தையைச் செங்கமலத்திடம் கொடுத்துவிட்டு எழுந்து, இறக்கி வைத்திருந்த மூட்டைகளின் பக்கம் போனார். சம்பா மூட்டையைத் தட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றார். மூட்டையின் கட்டில் அரக்கு முத்திரை இருந்தது. அவருடைய சொந்த முத்திரை. நெய்ப் பானையின் மூடியிலும் அதேதான்.

"அனந்தராயரே, இவை உம் கையால் கொடுத்தவை என்றீரே?"

அனந்தராயரால் இல்லை என்று சொல்ல முடியாது. சற்று முன்பு முழங்கிய முழக்கத்தை ஊரே கேட்டிருந்தது.

"அரண்மனைக் களஞ்சியம் உம் வீட்டுச் சமையலறை என்று எமக்கு இத்தனை நாள் தெரியாது," என்றார் ராஜா. "பொக்கிஷச் சாவியை இங்கே வையும். நாளை முதல் தினமும் காலையில் நீர் கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய் அரண்மனைக்குக் காய் வாங்கி வரவேண்டும். கூடையின் மறுபக்கத்தை உம் மைத்துனன் பிடிக்கட்டும். ஊர் விலைக்கு ஒரு காசு அதிகமானாலும் அது உம் பையிலிருந்து."

சுந்தரபாணி கூடை பிடிக்கும் காட்சியை நினைத்து அன்றுதான் சபை முதன்முதலாக அவனால் சிரித்தது.

ராஜா பசுவையும் சாமான்களையும் பூவாயிக்கே திருப்பித் தரச் சொன்னார். களஞ்சியத்துச் சம்பாவும் நெய்யும்கூட அவளுக்கே போகட்டும் என்றார். பிறகு பொற்பணம் நிறைந்த பட்டுப் பையை எடுத்து, "இது உனக்கு, மருதையா," என்று நீட்டினார்.

மருதையன் கையை நீட்டுவதற்குள் செங்கமலம் குறுக்கே வந்துவிட்டாள்.

"மன்னிச்சுக்குங்க மகாராஜா, அவர் கையில குடுத்துறாதீங்க. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள பாதியாக்கிருவாரு."

ராஜா மறுபடியும் சிரித்துப் பையை அவளிடமே கொடுத்தார். அவள் அதை வாங்கி முந்தானையில் மூன்று முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் மருதையன் கெஞ்சினான். கோட்டை வாசலில் தொடங்கி நாலு தெரு தாண்டும் வரை கெஞ்சினான். கடைசியில் செங்கமலம் ஒரு முடிச்சை அவிழ்த்து ஒரே ஒரு பணம் கொடுத்தாள். அவன் ஓடிப்போய் மல்லிகைப்பூ வாங்கி வந்தான்.

"ஒரு பணத்துக்கு இவ்வளவுதானா? உங்களை நல்லா ஏமாத்திட்டா," என்றாள் செங்கமலம். சொல்லிக்கொண்டே, வைத்துவிடச் சொல்லித் தலையைத் திருப்பிக் காட்டினாள்.