தன்மை விகுதி

"அந்த அங்கிள் இன்னும் மூணாவது இயல்லயேதான் நிக்கிறாரு. 'நான்' காணாமப் போச்சாம், தேடுறாரு."

நூலகப் படியில் இரண்டு மாணவிகள் சிரித்தபடி இறங்கினார்கள். தூணுக்குப் பின்னால் நின்ற பரஞ்சோதியின் காதில் அது விழுந்தது.

தபால் துறையிலிருந்து ஓய்வுபெற்றபின் புதுச்சேரிக்கு வந்து தத்துவத்தில் ஆய்வு செய்பவர். வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. இன்று வியாழன்.

ஆய்வேட்டுத் தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு நேரே நெறியாளர் அமலோற்பவத்தின் அறைக்குப் போனார். அந்த அம்மையார் பரஞ்சோதியைவிடப் பதினாறு வயது இளையவர்.

மூன்றாம் இயலை எடுத்துவிடலாம் என்றார் பரஞ்சோதி. 'நான் நினைக்கிறேன்' என்பது உடன் வராமல் அனுபவமே சாத்தியமில்லை என்று முதல் இயலில் வரும் ஜெர்மானியத் தத்துவவாதி சொன்னது புரிகிறது. பின்னால் வந்தவர்கள் அந்த நானை ஊதி ஊதி உலகத்தின் அளவுக்குப் பெரிதாக்கியதும் புரிகிறது. ஆனால் மூன்றாம் இயலில் வரும் இந்தப் பிரெஞ்சுக்காரர்கள், எது அனுபவத்தைச் சாத்தியமாக்குகிறது என்ற கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு, நானை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டார்கள். முதலில் அனுபவமாம். நான் என்பது பிறகு அதில் உண்டாவதாம். அதைத்தான் எழுத முடியவில்லை.

"எழுத முடியலையா, ஒத்துக்க முடியலையா சார்?"

பரஞ்சோதி தாள்கட்டை மேசைமேல் வைத்தார்.

"மார்ச் மாசம், ஆஸ்பத்திரியில, என் வீட்டுக்காரம்மா சரோஜினி பக்கத்துல கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தது யாரு மேடம்? நான் இல்லையா?"

அமலோற்பவம் ஒரு வெள்ளைத்தாளை அவர் பக்கம் நகர்த்தினார். சரோஜினி இறந்த அந்தக் காலைப்பொழுதை எழுதச் சொன்னார். நான் என்ற சொல் வரக்கூடாது.

அரை மணியில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சொல் ஓரிடத்திலும் இல்லை.

அமலோற்பவம் சிவப்புப் பேனாவை எடுத்தார். நின்றேன். பார்த்தேன். கூப்பிட்டேன். ஒவ்வொரு வினையின் வாலிலும் ஒரு வட்டம். தாள் முழுக்க ஏன், ஏன், ஏன் என்று கேட்பதுபோல் இருந்தது.

"வால்ல ஒளிஞ்சிருக்கு சார்."

"அதையும் எடுத்தா தமிழ்ல பேசவே முடியாது மேடம்."

"பசிச்சா எப்படிச் சொல்வீங்க?"

பரஞ்சோதி யோசித்தார். இன்னொரு தாளில் எழுதினார். எனக்குப் பசித்தது. எனக்குக் குளிர்ந்தது. எனக்குக் கால் வலித்தது. விடிந்தது. எனக்குக் கை சில்லிட்டது.

அமலோற்பவம் 'எனக்கு' என்பதை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

பரஞ்சோதி வாய்விட்டுப் படித்தார்.

பசித்தது. குளிர்ந்தது. கால் வலித்தது. விடிந்தது. கை சில்லிட்டது.

கடைசி வரியில் குரல் நின்றது.

"யாரோட கை சார்?"

"என்..." என்று தொடங்கினார். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவ கையும் இந்தக் கையும் கோத்திருந்துச்சு," என்றார். "தெரியல மேடம்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அமலோற்பவம் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

பரஞ்சோதி அந்தத் தாளின் தலையில் 'இயல் மூன்று' என்று எழுதினார். தாள்கட்டை அவிழ்த்து அதை உரிய இடத்தில் செருகி, மறுபடி கட்டி, பைண்டிங் கடைக்கு எடுத்துப் போனார்.