அலங்காரவல்லி பிறந்த இடம்

ஓடைமேட்டுத் தீர்த்தலிங்கத்தைவிட அவருடைய குரு வயதில் இளையவர், அதிலும் பெண். ‘தங்கச்சி வயசுப் பொம்பளை காலில் போய் விழுகிறாரே’ என்று ஊர் சிரித்தது. அவருக்கு அதில் வெட்கமில்லை. மடத்துத் தவமணி அம்மா எதற்கும் சட்டென்று பதில் சொல்ல மாட்டார் என்பதுதான் அவருக்குக் குறை.

அன்று காலையில்தான் தார்ச்சாலை ஓரம் கல் திறந்தார்கள். கருங்கல்லில் தங்க எழுத்து: ‘இசை நாடகப் பேரரசி அலங்காரவல்லி எங்கள் ஊரில் பிறந்தார்.’ விழாத் தலைவர் தீர்த்தலிங்கம். மதியம் அம்மன் கோயிலில் காப்புக் கட்டினார்கள். அதற்கும் தலைவர் அவரே. மஞ்சள் கயிறு முதலில் ஏறியது அவர் மணிக்கட்டில்தான். காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை எல்லை தாண்டக் கூடாது. எல்லைக்குள் பிள்ளை பிறக்கவும் கூடாது. தீட்டு, தேர் நின்றுபோகும்.

அந்தி மங்கும் நேரத்தில், காப்புக் கட்டிக்கொள்ளாத தவமணி அம்மா கல்லைப் பார்க்க வந்தார். தீர்த்தலிங்கம் ஊர் எல்லையில் நட்ட சூலத்தருகிலேயே நின்றுகொண்டார். கல் அதைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி இருந்தது. கோயில் ஒலிபெருக்கியில் அலங்காரவல்லியின் பழைய இசைத்தட்டு அலறிக்கொண்டிருந்தது.

“அம்மா, ஒரு சந்தேகம். இந்தப் பொட்டக்காட்டுல எப்படிம்மா அப்படி ஒரு குரல் பொறந்துச்சு? மைக் இல்லாத காலம். கடைசி வரிசைல தூங்கறவன்கூட எந்திரிச்சு உக்காருவானாம்.”

“எங்க பிறந்தாங்க?”

“நீங்க நிக்கிற இடத்துலதான். அவங்க ஆத்தாவுக்கு மாசம் நெருங்கையில இங்க காப்புக் கட்டிட்டாங்க. வெளிய கொண்டாந்து விட்டுட்டாங்க.”

“‘எங்கள் ஊரில்’னு போட்டிருக்கீங்களே.”

“எல்லைக்கு வெளியன்னு போட்டா நல்லாவாம்மா இருக்கும்?”

அம்மா கல்லைத் தடவிப் பார்த்தார். அதற்குப் பின்னால் ஒரு மோட்டார் கொட்டகை. வாசலில் ஒரு குடம், சோறு வந்த தூக்குவாளி. மூடி திறக்கவே இல்லை.

“அங்க யாரு?”

“எங்க பிருந்தாதான். மருமக.” அவர் குரல் இறங்கியது. “தாய் வீடு இல்லாத பொண்ணு. ஆஸ்பத்திரில, இன்னும் நாள் இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அதான்... ஒரு குறையும் வைக்கலம்மா. ஃபேன்கூடப் போட்டுக் குடுத்திருக்கேன்.”

“தனியாவா?”

“பொம்பளைங்க எல்லாரும் காப்புக் கட்டிட்டாங்களே. பையன் திருப்பூர்லேருந்து கிளம்பிட்டான்.”

“அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லுங்க.”

“அவங்களுக்கு மரியாதையாப் போட்டது...”

“நிறுத்தச் சொல்லுங்க.”

தீர்த்தலிங்கம் கோயிலுக்குப் போன் போட்டார். பாட்டு பாதியில் நின்றது.

கொட்டகைக்குள்ளிருந்து கேட்டது. “மாமா!”

எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாளோ. தீர்த்தலிங்கத்தின் கால் தானாக எழும்பியது. மணிக்கட்டில் கயிறு தெரிந்தது. தூக்கிய கால் எடுத்த இடத்துக்கே திரும்பி வந்தது.

“ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடறேம்மா.” எண்ணை அழுத்திப் பேசினார். “வந்துடுமாம்.”

“மாமா! மாமா!”

தவமணி அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கொட்டகையைப் பார்த்து நடந்தார்.

“அம்மா, நான் என்ன செய்யட்டும்? கயித்தை அறுத்தா நாளைக்கு ஊருக்கு என்ன பதில் சொல்லுவேன்?”

அம்மா திரும்பினார்.

“முதல்ல கூப்பிட்டதுக்கு இப்ப சத்தம் கூடியிருக்கா?”

அவர் காது கொடுத்தார். “கூடியிருக்கும்மா.”

“அப்படி ஒரு குரல் எப்படிப் பிறந்துச்சுன்னு கேட்டீங்களே. அங்கேயே நில்லுங்க. இன்னும் கூடும்.”