அடுத்த கிளையைப் பார்த்த தூக்கணாங்குருவி

ஏரிக்கரையில் ஒரு கருவேலமரம், பக்கத்து ஈச்சமரத்தோடு உரசியபடி, தண்ணீர்ப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. கருவேலமரத்தில் நிறையத் தூக்கணாங்குருவிகள் குடியிருந்தன. அந்தக் கூட்டத்தில் சொள்ளமுத்து என்று ஓர் ஆண்குருவி. போன மழைக்காலத்தில் அவன் பின்னிய கூட்டை, அக்கரைக் கொக்குகூட வந்து பார்த்துவிட்டுப் போனது. அப்பேர்ப்பட்ட பின்னல்காரன்!

தூக்கணாங்குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. கூடு பின்னுவது ஆண் வேலை. பாதி முடிந்ததும் பெண் வந்து பார்க்கும். உள்ளே நுழைந்து, அலகால் இழுத்து, ஆட்டிப் பார்க்கும். பிடித்தால் குடித்தனம். பிடிக்காவிட்டால் பேச்சே கிடையாது, பறந்து போய்விடும். மழை இறங்குவதற்குள் ஜோடி சேராத ஆண், அந்த வருஷம் முழுக்க ஒண்டிக்கட்டைதான்.

இந்த வருஷம் மாடத்தி என்ற பெண்குருவி சொள்ளமுத்துவைத் தேடி வந்தாள்.

"உங்க கூட்டைத்தான் முதல்ல பார்க்கணும்னு இருக்கேன். மேகம் கறுக்குறதுக்குள்ள பாதியாவது முடிச்சு வைங்க!"

"நாளைக்கே தொடங்கிடுதேன், வந்து பாரு!" என்றான் சொள்ளமுத்து. அவன் நெஞ்சு ஒரு சாண் நிமிர்ந்தது.

மறுநாள் காலையில் கிளையில் முதல் முடிச்சைப் போட்டான். வளையத்தைப் பின்னத் தொடங்கினான். அப்போது அடுத்த கிளையில் ஒரே ஆரவாரம்!

"அடேயப்பா, என்ன இறுக்கம்!"

"இப்படி ஒரு கூட்டை இந்த மரம் பார்த்ததே இல்ல!"

இசக்கி என்ற ஆண்குருவியின் கூட்டைச் சுற்றித்தான் அத்தனை கூட்டம். அவன் வேறொரு குளத்திலிருந்து இந்த வருஷம்தான் பிழைக்க வந்தவன்.

சொள்ளமுத்துவுக்கு வயிறு பற்றி எரிந்தது. 'இந்த மரம் பார்த்ததே இல்லையாம்! அப்போ போன வருஷம் பார்த்தது என்ன, காக்காய்க் கூடா?'

திரும்பித் தன் வளையத்தைப் பார்த்தான். கோணலாகத் தெரிந்தது. பிரித்துப் போட்டான். மறுபடியும் பின்னினான். இசக்கியின் கூட்டை எட்டிப் பார்த்தான். மறுபடியும் பிரித்தான்.

"அண்ணாச்சி! வளையம் நல்லாத்தானே இருந்துச்சு? ஏன் பிரிச்சுட்டீங்க?" என்று இசக்கி கேட்டான். உண்மையான அக்கறையோடுதான் கேட்டான். சொள்ளமுத்துவுக்கு அதுதான் இன்னும் எரிந்தது.

"உன் சோலியைப் பாரு!" என்று எரிந்து விழுந்தான்.

பிறகு அவனுக்கு ஒரு நினைப்பு வந்தது. 'சாதாரணப் புல்லில் பின்னினால் அவன் கூட்டுக்குப் பக்கத்தில் எடுபடுமா? உயர்ந்த சரக்கு வேண்டும்!' உடனே வயலுக்குப் பறந்தான். நெல் தாளில் இளசாகப் பார்த்து நார் நாராகக் கிழித்து வந்தான். கிளைக் கவட்டையில் குவித்தான். குவித்துவிட்டு உட்கார்ந்து யோசித்தான். வாசலை நீளமாக வைப்பதா? வயிற்றை அகலமாக வைப்பதா? இசக்கி எப்படி வைத்திருக்கிறான்? யோசிக்க யோசிக்க வெயில் ஏறியது. பச்சை நார்தான் வளைந்து கொடுக்கும். காய்ந்துவிட்டால் மடக்கியதும் படக்கென்று ஒடியும். அவன் யோசித்து முடிப்பதற்குள் குவியல் முழுக்கக் காய்ந்து போனது.

கீழே தண்ணீரோரம் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி அண்ணாந்து பார்த்தது.

"என்னவே சொள்ளமுத்து! கூடு கட்டுதியா, வைக்கோல்போர் போடுதியா?"

"காத்து சரியில்லவே. அதான்."

"ஓகோ! அடுத்த கிளையில மட்டும் வேற காத்து அடிக்குதோ?"

சொள்ளமுத்து காய்ந்த குவியலைத் தண்ணீரில் தள்ளிவிட்டான்.

அதற்கப்புறம் அவனுக்கு வேலையே ஓடவில்லை. இசக்கி எப்போது தண்ணீர் குடிக்கிறான், எந்தப் பக்கம் நார் எடுக்கப் போகிறான், எல்லாம் அத்துப்படி. தன் கிளையில் என்ன இருக்கிறது என்றுதான் தெரியாது. பேச்சி என்ற பெண்குருவி இசக்கியின் கூட்டுக்குக் குடிவந்த அன்று, சொள்ளமுத்து பிடித்த புழுவைத் தின்னாமல் கீழே போட்டுவிட்டு அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னும் சில நாளில் வானம் மேற்கே கறுத்தது. மாடத்தி வந்தாள். மொட்டைக் கிளையில் ஒற்றை முடிச்சு ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன இது?"

"யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"யோசனைக்குள்ள முட்டை வைக்க முடியுமா? மேலக்கிளையில வேற கூடு இருக்காம். பார்த்துட்டு வாரேன்!"

போகிற போக்கில் அவள் இசக்கியின் கூட்டை ஒரு கணம் நின்று பார்த்தாள். அந்த ஒரு கணம் போதாதா?

கொஞ்ச நேரத்தில் இசக்கி கூட்டுக்குள் பூசக் களிமண் எடுக்கப் பறந்தான். பேச்சியும் வெளியே போயிருப்பாள் என்று சொள்ளமுத்து நினைத்துக்கொண்டான். தாவி அடுத்த கிளைக்குப் போனான். 'அப்படி என்ன சூட்சுமம் வைத்திருக்கிறான்? மேல்முடிச்சைப் பிரித்தால் தெரிந்துபோகும்!'

ஒரு நாரை இழுத்தான். பின்னலுக்குள் உற்றுப் பார்த்தான். ஓரிடத்தில் முடிச்சு முறுக்கிக்கொண்டிருந்தது. இன்னோரிடத்தில் பின்னல் தொய்ந்து, மேலே ஒட்டுப் போட்டிருந்தது.

"பூ! இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை ஆட்டம்?"

குளுகுளுவென்று இருந்தது அவனுக்கு. இன்னொரு நாரை இழுத்தான். அது போதாமல் இன்னொன்று. கூடு சரேலென்று ஒரு பக்கம் சாய்ந்தது.

"யாரது? ஐயோ, முட்டை உருளுதே!"

உள்ளே பேச்சி!

கீழே ஏரி. பிடித்திருந்த மிச்ச நாரும் நழுவிக்கொண்டிருந்தது.

"அசையாதே தாயி! முட்டையை நெஞ்சுக்கடியில அணைச்சுக்கோ!"

ஒரு காலால் கிளையைப் பிடித்தான். மறுகாலால் கூட்டைப் பிடித்தான். நல்ல நாருக்கு எங்கே போவது? எட்டின தூரத்தில் இருந்தது ஈச்ச ஓலை. முரட்டு ஓலை, முந்தி அவன் திரும்பிக்கூடப் பார்த்திராத ஓலை. அதைக் கிழித்தான். சுற்றினான், செருகினான், இழுத்தான். மறுபடியும் கிழித்தான். கோணலா நேரா என்று பார்க்கவில்லை. யார் பார்க்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. அவன் அலகு தானாக ஓடியது. கூடு நிமிர்ந்து நின்ற பிறகுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

திரும்பினால், எதிரே இசக்கி!

"அண்ணாச்சி... என் கூட்டுல என்ன செய்றீங்க?"

காற்றின்மேல் பழி போட்டிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் உள்ளே பேச்சி விம்மிக்கொண்டிருந்த சத்தம் அவன் காதில் விழுந்தது.

"நான்தான் பிரிச்சேன். வயித்தெரிச்சல். அப்புறம் நான்தான் கட்டினேன்."

"என் பிள்ளைங்கடா உள்ள இருக்கு!" என்று இசக்கி பாய்ந்தான். உச்சந்தலையில் கொத்து கொத்தென்று கொத்தினான். மஞ்சள் இறகுகள் தண்ணீரில் மிதந்தன.

பேச்சி தலையை வெளியே நீட்டினாள். "விடுங்க, போதும்! இந்தாரும், இனி இந்தக் கிளைப்பக்கம் வந்தீரு, மிச்ச முடியை நான் பிடுங்குவேன்!"

சொள்ளமுத்து தன் கிளைக்கு வந்து உட்கார்ந்தான். இப்போது அடுத்த கிளையைப் பார்க்க அவனுக்கு முகமில்லை. அலகோ இன்னும் குறுகுறுவென்றிருந்தது. பக்கத்து ஈச்ச ஓலையில் ஒரு நார் கிழித்து முடிச்சில் கோத்தான். இன்னொன்று கிழித்தான். வளையம் வந்தது. கூட்டின் வயிறு வந்தது. ஒரு பக்கம் புடைத்துக்கொண்டது. முன்பானால் பிரித்திருப்பான். இப்போது மேலே பின்னிக்கொண்டே போனான்.

முதல் தூறல் விழுந்தபோது மாடத்தி திரும்பி வந்தாள்.

"மேலக்கிளைக் கூடு என்னாச்சு?"

"இழுத்துப் பார்த்தேன், அலகோட வந்துடுச்சு!" என்றவள் சொள்ளமுத்துவின் கூட்டுக்குள் நுழைந்தாள். இழுத்தாள். ஆட்டினாள். தொங்கிப் பார்த்தாள்.

"ஒரு பக்கம் புடைச்சிருக்கே?"

"ஆமா."

"போன வருஷக் கூடு மாதிரி இல்லையே?"

"இல்ல."

"தலையில என்ன சொட்டை?"

"வெட்கக்கேடு. மறைக்காமச் சொல்லுதேன், கேட்டுட்டு முடிவு பண்ணு."

முழுக்கச் சொன்னான். மாடத்தி முறைத்தாள். பிறகு கூட்டை இன்னொரு முறை அழுத்தமாக ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை.

"புத்தி கோணல்தான். பின்னல் உறுதியா இருக்கு. வாசலைச் சீக்கிரம் முடிங்க, மழை உள்ள அடிக்குது!"

அடுத்தவன் வேலையையே பார்த்துப் புழுங்குகிறவனுக்குத் தன் வேலை ஓடாது. கோணலோ மாணலோ, கைக்கு எட்டியதை எடுத்துத் தொடங்குகிறவனுக்கே வேலை கைகூடும்.