ஆயுத பூஜைக்குப் பின் வராத நகல்கள்

சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும் என்பதைக்கூட எரிந்த பிறகே நம்புகிற ஆள் நான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வரும் ஊழியர்கள் மூவரில் ஒருவர் பொய் சொல்கிறார். முகத்தைப் பார்த்து முடிவு கட்டிவிடாதீர்கள். மூவருக்குமே நல்ல முகம்.

பாளையங்கோட்டையில் டாக்டர் செந்தூர்பாண்டியனுக்கு ஓர் ஆஸ்பத்திரி. நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மருந்து விவரம் எல்லாம் ஒரே சர்வரில் இருந்தன. அந்த ஒற்றைப் பெட்டிக்குள் பல கணினிகள் இருப்பதுபோல் பிரித்து வைத்திருந்தார்கள், ஒரே வீட்டில் பல குடித்தனம் மாதிரி. எதற்கு எவ்வளவு இடம் என்று பார்த்துக்கொள்வது ரஹ்மத் நிஷாவின் வேலை. சாப்ட்வேரைப் புதுப்பிப்பவர் இசக்கிராஜ். தினமும் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து மாடியறையில் உள்ள பேக்கப் பெட்டியில் சேர்ப்பது மூத்தவரான ஜெபமணியின் பொறுப்பு. பொறுப்பு என்றால், காலையில் திரையில் பச்சை டிக் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காபி குடிக்கப் போவது.

ரஹ்மத் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்திருந்தாள். ஊரிலேயே இன்னொரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. விட்டுப் போகிறவள் கையில் சர்வர் இருப்பது டாக்டருக்குப் பிடிக்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்ட்வேரைப் புதுப்பித்தார்கள். வேலை பாதியில் உடைந்து, திங்கள் காலை சர்வர் எழவே இல்லை. கீழே நோயாளிகள் கூட்டம் நெரிந்தது. டாக்டர் மூவரையும் சேர்த்து வைத்து விசாரிக்கவில்லை. ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் விழாதபடி தனித்தனியாக அழைத்தார்.

முதலில் வந்த இசக்கிராஜ் அதற்குள் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஆயுத பூஜையன்று பேக்கப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சுற்றிலும் சீரியல் பல்பு மாட்டியது அவர்தான். பல்புக்கு இடம் வேண்டி, பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். திரும்பச் செருக மறந்துபோனார். பல்பு வயர் இன்னும் அங்கேயே இருந்தது; பெட்டியின் வயர் தரையில் கிடந்தது. பூஜை நாளுக்குப் பிறகு பெட்டிக்கு ஒரு நகலும் வரவில்லை. தப்பு தன்னுடையதுதான் என்று அவர் தலைகுனிந்து சொன்னார். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறவன் இதைவிடப் பெரிதாக எதையோ மறைக்கிறானோ என்று டாக்டருக்குத் தோன்றியது. எனக்கும் தோன்றியது. யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று சொல்லி அவரைப் பக்கத்து அறையில் உட்கார வைத்தார் டாக்டர்.

அடுத்து ரஹ்மத். புதுப்பிக்கும் வேலைக்குச் சர்வரில் இடம் போதவில்லை என்று சனிக்கிழமை தேடியிருக்கிறாள். ஓரமாக ஒரு குவியல் இருந்தது. திறந்து பார்த்தால் அத்தனையும் பேக்கப் நகல்கள். மாடியறைப் பெட்டியை எட்ட முடியாவிட்டால் நகல்களைச் சர்வருக்குள்ளேயே கொட்டிவிட்டுப் பச்சை டிக்கும் போட்டுவிடும் குணம் நகல் எடுக்கும் சாப்ட்வேருக்கு. அது அதுவரை அங்கே ஒருவருக்கும் தெரியாது. அழிக்கலாமா என்று ஜெபமணியின் மேஜைக்குப் போய்க் கேட்டதாகவும், அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், பெட்டியில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, அழித்துவிடு என்று சொன்னதாகவும் ரஹ்மத் சொன்னாள். பூஜைக்குப் பிறகு எடுத்த நகல்கள் அவை மட்டும்தான்; அவள் அழித்ததும் ஒன்றும் மிஞ்சவில்லை. கேட்டதற்குச் சாட்சி யாரும் இல்லை.

"போற நேரத்துல இப்படிப் பண்ணிட்டுப் போறியேம்மா" என்றார் டாக்டர்.

இந்தப் பழி ஒட்டிக்கொண்டால் புது வேலை மட்டுமல்ல, எந்த ஊரிலும் ஒருவரும் அவளை நம்பி ஒரு கணினியைக்கூட ஒப்படைக்க மாட்டார்கள். அவளையும் வேறோர் அறையில் காத்திருக்கச் சொன்னார் டாக்டர்.

ஜெபமணி சனிக்கிழமை மாலையே ஒரு கல்யாணத்துக்காகக் கோவில்பட்டி போயிருந்தார். போனையும் அணைத்து வைத்திருந்தார். திங்கள் காலை பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவரை வாட்ச்மேன் வாசலிலேயே மறித்து நேராக டாக்டரிடம் கூட்டிப் போனார். வழியில் அவர் வேறு யாரையும் பார்க்கவில்லை.

"சர்வர் எழும்பல. ரஹ்மத் சனிக்கிழமை அதுல எதையோ அழிச்சிருக்கா. உங்களக் கேட்டுட்டுத்தான் அழிச்சேங்கா. கேட்டாளா?" டாக்டர் அவரிடம் சொன்னது அவ்வளவுதான். மாடியறைப் பெட்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஜெபமணி பதறவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"என்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கல சார். சர்வருக்குள்ள கெடக்குற பேக்கப் காப்பிய அழிக்கட்டுமான்னு கேட்டா, நான் சரின்னு சொல்லுவேனா? வேற எடத்துக்குப் போற பிள்ள. நான் என்னத்தச் சொல்ல?"

டாக்டர் மணியை அடித்து, ரஹ்மத்தை மறுபடி அழைத்து வரச் சொன்னார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மூவரில் பொய் சொன்னது யார்? சாட்சியே இல்லாமல் டாக்டர் அதை எப்படிக் கண்டுகொண்டார்?

விடை: பொய் சொன்னவர் ஜெபமணி. ரஹ்மத் "எதையோ" அழித்தாள் என்றுதான் டாக்டர் சொன்னார். எதை என்று சொல்லவில்லை. நகல்கள் மாடியறைப் பெட்டியில்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். சர்வருக்குள்ளும் நகல்கள் கிடந்தன, அழிந்தவை அவைதான் என்பது ஜெபமணிக்கு ஒரே வழியில்தான் தெரிந்திருக்க முடியும்: ரஹ்மத் அவரிடம் வந்து கேட்டிருக்க வேண்டும். டாக்டர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். சம்பளம் கூட்டித் தருகிறேன், போகாதே என்றும் சொன்னார். "நான் பொய் சொல்லலன்னு இப்ப உங்களுக்கும் தெரியும் சார். கொஞ்ச நேரம் முன்னால வரைக்கும் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் கொஞ்ச நேரத்த என்னால மறக்க முடியல" என்றாள் ரஹ்மத். சொன்ன தேதியில் வேலையை விட்டுப் போனாள்.