மணி கட்டிய குதிரை

ஒரு காட்டில் ஒரு கிழட்டுக் கரடி இருந்தது. "மணி கட்டிய குதிரையில் ஏறுகிறவன் இருக்கிறானே, அவன்..." என்று அடிக்கடி ஆரம்பிக்கும். அதற்குள் எங்கிருந்தோ தேன் வாசனை வந்துவிடும். பேச்சை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும். மீதியை அந்தக் காட்டில் யாருமே கேட்டதில்லை, குழந்தைகளே.

"அவன் எல்லோருக்கும் முன்னால் பறக்க வேண்டும்! வேறென்ன?" என்று மீதியைத் தானே நிரப்பிக்கொண்டது செங்கான் என்ற குரங்கு.

அந்தக் காட்டில் மட்டக்குதிரைகள் திரிந்தன. அவற்றின் மேலேறிச் சவாரி போக ஒரு கூட்டமும் இருந்தது. பெருமைக்காரச் செங்கான், வாயினிக்கப் பேசும் நரி, பயந்தாங்கொள்ளி முயல், அவசரமே அறியாத ஆமை, எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கும் முள்ளம்பன்றி. முள்ளம்பன்றியை முதலில் எந்தக் குதிரையும் ஏற்றிக்கொள்ளவில்லை. முதுகில் வாழைமட்டையை அடுக்கிப் போட்ட பிறகு ஒரே ஒரு குதிரை அரைமனதாகச் சம்மதித்தது.

அந்தக் குதிரைகளுக்கு ஒரு பழக்கம். மணி எங்கே போகிறதோ, பின்னாலேயே போகும். மணி நடந்தால் நடக்கும், ஓடினால் ஓடும். முதுகில் இருப்பவர் அழுதாலும் சரி, கும்பிட்டாலும் சரி, காதில் வாங்காது. அதனால் யாருடைய குதிரையின் கழுத்தில் மணி இருக்கிறதோ அவர்தான் தலைவர்.

மழைக்காலம் முடிந்ததும் கரடி செங்கானைக் கூப்பிட்டது.

"இந்தா மணி. இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஆற்றைத் தாண்டி, அக்கரைப் புளியமரத்தைத் தொட்டுவிடு. நான் முன்னால் போய் அங்கே காத்திருக்கிறேன். தொட்டால் வருஷம் முழுக்க நீதான் தலைவன். தொடாவிட்டால், மணி அடுத்து யாருக்கு என்று நீயே சொல்லிவிட்டு இறங்கிக்கொள். இங்கே அதுதான் வழக்கம்."

செங்கானுக்குத் தலைகால் புரியவில்லை. தலைவர் எப்படி உட்கார வேண்டும், எப்படி மூக்கைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் குளத்துத் தண்ணீரில் பார்த்துப் பார்த்து அது எப்போதோ பழகி வைத்திருந்தது.

"அண்ணே, ஓட மட்டும் விட்டுடாதீங்க" என்றது முயல், குதிரையின் பிடரி மயிரை இறுகப் பிடித்துக்கொண்டு.

"கொஞ்சம் பொறு தம்பி, இந்தக் கொடியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறேன்" என்றது ஆமை. கொடியால் கட்டினால்தான் அது குதிரைமேல் நிற்கும்.

நரி செங்கானின் காதோரம் வந்தது. "தலைவரே, இதுகளை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். தலைவர் என்றால் நேரே பார்க்க வேண்டும். திரும்பித் திரும்பிப் பார்ப்பவர் மாடு மேய்க்கத்தான் லாயக்கு."

செங்கான் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டியது. குதிரை நாலுகால் பாய்ச்சலில் கிளம்பியது. மணி கணகணவென்றது. அத்தனை குதிரைகளும் பின்னாலேயே பாய்ந்தன.

"ஐயோ!" என்று ஒரு குரல். தொப்பென்று ஒரு சத்தம். "மன்னிக்கணும்!" என்று இன்னொரு குரல். மறுபடியும் தொப்.

"என்னப்பா அது?" என்றது செங்கான், திரும்பாமலே.

"உங்களுக்கு ஜே போடுகிறார்கள் தலைவரே!" என்றது நரி.

குளம்புச் சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. அப்படியானால் எல்லோரும் வருகிறார்கள் என்றுதானே அர்த்தம்? செங்கான் இன்னும் வேகமாக விரட்டியது.

ஆற்றங்கரை வந்தது. வெயில் இன்னும் மீதமிருந்தது. அக்கரையில் புளியமரம், அதன் கீழே கரடி. நான்கு தாவலில் தொட்டுவிடலாம். கூட்டத்துக்குத் தன் முகத்தைக் காட்டலாமே என்று செங்கான் கம்பீரமாகத் திரும்பியது.

குதிரைகள் எல்லாம் வந்திருந்தன. முதுகுகள்தான் காலி. ஒன்றின்மேல் வெறும் வாழைமட்டை. நரி மட்டும் தன் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கியது.

"எங்கேடா எல்லோரும்?"

"வழியில் இறங்கிக்கொண்டார்கள் தலைவரே."

"ஏன்?"

"அவரவர் சௌகரியம். நமக்கென்ன? பொழுது சாய்கிறது, ஆற்றில் இறங்குங்கள்!"

அப்போது காட்டுக்குள்ளிருந்து ஒரு சீழ்க்கை கேட்டது. இன்னொரு பக்கமிருந்து அதற்குப் பதில் சீழ்க்கை. செந்நாய்கள் வேட்டைக்குக் கிளம்பினால் அப்படித்தான் ஒன்றையொன்று கூப்பிடும்.

செங்கான் புளியமரத்தைப் பார்த்தது. வாழைமட்டையைப் பார்த்தது. குதிரையைத் திருப்பியது.

"தலைவரே, மரம் அந்தப் பக்கம்!" என்றது நரி. மணி திரும்பியதும் நரியின் குதிரையும் திரும்பிவிட்டது. "டேய் குரங்கே! என்னையாவது விட்டுட்டுப் போடா! தலைவரே! டேய்!" என்று கத்திக்கொண்டே அதுவும் காட்டுக்குள் போய்ச் சேர்ந்தது.

முயல் ஒரு புதருக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. முள்ளம்பன்றி பள்ளத்தில் விழுந்திருந்தது. "உங்களுக்கெல்லாம் ரொம்பச் சிரமம். தூக்கிவிட முடியுமா?" என்றது.

"தூக்கலாம். எங்கே பிடித்துத் தூக்குவது?" என்றது செங்கான். கடைசியில் வாழைமட்டையில் வைத்துத்தான் மேலே இழுத்தது.

ஆமை மல்லாந்து கிடந்தது. "கொடி நழுவிடுச்சு தம்பி. கொஞ்ச தூரம் குதிரை வயிற்றுக்குக் கீழேயே தொங்கிக்கொண்டு வந்தேன். அங்கிருந்து பார்த்தால் காடே வேறு மாதிரி இருக்கு."

"சீழ்க்கை கேட்கலையா உனக்கு?"

"கேட்டது. ஓடவா முடியும்?"

செங்கான் இறங்கி, தோள்கொடுத்து ஆமையை ஏற்றியது. கொடியை ஒரு சுற்றுக்கு மூன்று சுற்றாகச் சுற்றியது. கட்டி முடிப்பதற்குள் வெயில் மரங்களின் உச்சிக்குப் போய்விட்டது. குதிரையை அது நடக்க மட்டுமே விட்டது. செந்நாய்கள் எட்ட நின்று பார்த்தன. அத்தனை குதிரைகள் ஒன்றாய் நெருங்கி நடப்பதைக் கண்டு வேறு பக்கம் போயின.

அக்கரை ஏறியபோது பொழுது சாய்ந்திருந்தது.

"தொடவில்லையே, செங்கான்" என்றது கரடி.

"ஆமாம்."

"மணி யாருக்கு?"

நரி மீசையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தது. "தலைவரே, நம்ம பழக்கம் இன்றைக்கு நேற்றா?"

செங்கான் மணியைக் கழற்றி ஆமையின் குதிரைக் கழுத்தில் கட்டியது. தான் போய்க் கடைசிக் குதிரையில் ஏறிக்கொண்டது.

நீதி: கடைசியில் வருபவரையும் கொண்டுபோய்ச் சேர்ப்பவரே தலைவர்.